சாக்ஸபோன் இல்லாத துப்பறிவாளர்கள்

மழை நனைத்த தெரு, ஒற்றை விளக்குக் கம்பம், தொப்பியைச் சாய்த்துப் போட்ட ஆள், கொஞ்சம் சிகரெட் புகை. இதன்மேல் ஒரு சாக்ஸபோன் இழுத்து அழ வேண்டும். விளம்பரப் படம் எடுப்பவர் முதல் மேடையில் மிமிக்ரி செய்பவர் வரை யாரைக் கேட்டாலும் 1940-களின் ஹாலிவுட் துப்பறியும் படம் என்றால் இதைத்தான் செய்து காட்டுவார்கள். அந்தப் படங்களைத் திரும்பப் போட்டுக் கேட்டால் சாக்ஸபோனைத்தான் காணோம்.

'த மால்டீஸ் ஃபால்கன்' (1941) படத்துக்கு இசை அடால்ஃப் டாய்ச். 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) மிக்லோஷ் ரோஷா. 'த பிக் ஸ்லீப்' (1946) மேக்ஸ் ஸ்டைனர். மூன்றிலும் முழு ஆர்கெஸ்ட்ரா. ஸ்டைனர் வியன்னாவில் பிறந்தவர், ரோஷா புடாபெஸ்டில். அவர்கள் கையோடு கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓபராவின் இலக்கணம்: ஆபத்து வந்தால் டிராம்போன் கனக்கும், காதல் வந்தால் வயலின்கள் பொங்கும். கதாநாயகன் தெருவில் தனியாக நடந்தால் ஜாஸ் வாசிக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஜாஸ் இருந்தது. ஆனால் காட்சிக்கு உள்ளே இருந்தது. 'ஃபேண்டம் லேடி' (1944) படத்தில் நிலவறை ஒன்றில் இரவு நேரக் கச்சேரி. எலிஷா குக் ஜூனியர் டிரம்ஸ் வாசிக்க வாசிக்க முகம் வெறியேறிக்கொண்டே போகும். 'டி.ஓ.ஏ.' (1950) படத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப், வியர்த்துக் கொட்டும் வாத்தியக்காரர்கள், அந்தக் கூச்சலுக்கு நடுவில் கதாநாயகனின் கோப்பை மாற்றி வைக்கப்படுகிறது. ஜாஸ் கேட்கிறதா, அங்கே தப்பு நடக்கிறது என்று பொருள். நம்மூர்ப் படங்களில் கிளப் டான்ஸ் பாட்டுக்குக் கிடைத்த இடமும் கிட்டத்தட்ட இதுதான். வில்லன் கூட்டாளியோடு பேரம் பேசும்போது பின்னால் டிரம்பெட்டும் பாங்கோவும் ஓடும். கதாநாயகி வீட்டுக் காட்சிக்குப் போனதும் வீணையும் புல்லாங்குழலும் திரும்பிவிடும்.

ஆக, ஜாஸ் கிளப்பை விட்டு வெளியே வந்து கதாநாயகனின் தோளில் ஏறிக்கொண்டது எப்போது என்பதுதான் கேள்வி. சுமார் 1955-இலிருந்து 1968 வரைக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். 1951-இல் அலெக்ஸ் நார்த் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படத்தில் கதவைத் திறந்தார். 1955-இல் எல்மர் பெர்ன்ஸ்டீன் 'த மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்தில் ஷெல்லி மேன், ஷார்ட்டி ராஜர்ஸ் போன்ற உண்மையான ஜாஸ் வாத்தியக்காரர்களையே உட்கார வைத்தார். இரண்டும் துப்பறியும் படங்கள் அல்ல. போதைக்கும் காமத்துக்கும் ஜாஸ் என்ற பழைய கணக்கும் அவற்றில் தீர்ந்துவிடவில்லை.

கணக்கு மாறிய இடத்தில் ஒரு முடிதிருத்தகம் இருக்கிறது. ஹென்றி மன்சினி யூனிவர்சல் ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு இசை எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே கடைசியாகச் செய்த பெரிய வேலைகளில் ஒன்று ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958). எல்லையோர ஊரில் ரேடியோ, ஜூக்பாக்ஸ், கிளப் வாசல் ஆகியவற்றிலிருந்து இசை வழிந்தபடி இருக்க வேண்டும், பின்னணி இசை என்று தனியாக ஒன்று தலையைத் தூக்கக் கூடாது என்பது வெல்ஸின் எண்ணம். ஸ்டுடியோ அதைக் கேட்காமல், மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் ஓடும் அந்த முதல் காட்சியின்மேல் மன்சினியின் டைட்டில் இசையையும் எழுத்துகளையும் ஒட்டியது. 1998-இல் வெல்ஸின் 58 பக்கக் குறிப்பை வைத்து வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தபோது அந்த இசையை எடுத்துவிட்டு, கார் கடந்துபோகும் கடைகளின் இசையை வரிசையாக வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடுங்கள். வெல்ஸ் சொன்னது சரி என்று படும். ஆனால் மன்சினியின் பாங்கோவும் பித்தளையும் (டிரம்பெட், டிராம்போன் வகை ஊது வாத்தியங்கள்) போன வருத்தமும் இருக்கும்.

1958-இல் யூனிவர்சல் இசைப் பிரிவைச் சுருக்கியபோது மன்சினிக்கு வேலை போயிற்று. ஸ்டுடியோ வளாகத்து முடிதிருத்தகத்துக்குப் போன இடத்தில் இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் எதிர்ப்பட்டார். தொலைக்காட்சிக்குத் துப்பறியும் தொடர் ஒன்று எடுக்கப் போகிறேன், இசை செய்கிறாயா என்றார். அந்தத் தொடர்தான் 'பீட்டர் கன்'. என்பிசி-யில் 1958 செப்டம்பரில் தொடங்கியது. நாயகன் எப்போதும் போய் உட்காரும் இடம் 'மதர்ஸ்' என்ற ஜாஸ் கிளப், காதலி அங்கே பாடுபவள். கிளப் வழியாக உள்ளே வந்த ஜாஸ் இனி நாயகன் எங்கே போனாலும் கூடவே போகலாம். கதையிலேயே அதற்கு வழிவிட்டாயிற்று.

எட்டு சுரம், ஒரே கார்டு

'பீட்டர் கன்' டைட்டில் இசையைச் சுரம் போட்டால் இவ்வளவுதான்: ஸ ஸ ரி ஸ க ஸ ம க. ஆதார சுருதி மேற்கத்திய எஃப். ரிஷபம் சதுஸ்ருதி, காந்தாரம் சாதாரணம், மத்யமம் சுத்தம். எட்டும் சம அளவு, ஒரு தாள வட்டத்துக்கு எட்டு. முதல் நொடியில் தொடங்கி முடிவு வரை நிற்காது, மாறாது. கார்டும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டும், மாறாது. தம்பூரா போல அடியில் ஒன்று நின்றுகொண்டே இருக்கிறது, ஆனால் அது மிரட்டுகிறது.

இது ஜாஸைவிட ராக் அண்ட் ரோலுக்குத்தான் நெருங்கியது என்று மன்சினி தன் சுயசரிதையிலேயே ஒப்புக்கொள்கிறார். கேட்டாலும் தெரியும். ஜாஸில் இரட்டைச் சுரங்கள் ஊஞ்சலாடும்: ஒன்று நீளம், ஒன்று குட்டை. திஸ்ர நடையில் முதல் இரண்டு மாத்திரையை ஒரு சுரமும் கடைசி மாத்திரையை இன்னொரு சுரமும் எடுத்துக்கொள்வது மாதிரி. (காலம் ஏற ஏற இந்த வித்தியாசம் சுருங்கிக் கடைசியில் சமமாகிவிடும்.) 'பீட்டர் கன்' ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் இந்தச் சுரக்கட்டு, ஆடாது. ஆணி அடித்தது போல எட்டும் சமம். மேலே பித்தளையும் சாக்ஸபோனும் வரும்போதுதான் ஜாஸ் வாசனை வருகிறது. புதிதாக வாசிக்கும் இசைக்குழுக்கள் முதலில் கெடுப்பது இதைத்தான். ஜாஸ் என்று கேள்விப்பட்டதும் ரிஃப்பை ஊஞ்சலாட்டிவிடுவார்கள். அடுத்த வரியிலேயே மிரட்டல் போய்க் குதிரைச் சவாரி வந்துவிடும். இரண்டாவது தவறு, பாஸ் கிடார்காரர் நான்காவது வட்டத்தில் கை சும்மா இருக்காமல் ஒரு அலங்காரம் போடுவது. அலங்காரம் இல்லாமல் ஓடுவதுதான் அந்த ரிஃப்பின் வேலையே.

ரிஃப்பை வாசிப்பது கிடாரும் பியானோவும், ஒரே சுரத்தில் சேர்ந்து. கிடார் பாப் பெய்ன். பியானோவில் உட்கார்ந்திருந்த இளைஞர் பெயர் ஜான் வில்லியம்ஸ். பிற்பாடு 'ஸ்டார் வார்ஸ்' எழுதியவரேதான். இந்த ஜோடி ஏன் என்று யோசித்தால் அன்றைய தொலைக்காட்சிப் பெட்டி கண்முன் வரும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். தனியாக ஒரு டபுள் பாஸ் வாசித்தால் அதன் அடிநாதம் அந்த ஸ்பீக்கரில் வெளியே வராது. பியானோவின் சுத்தியல் அடிக்கும் 'டக்'கும் கிடார் கம்பியின் உலோகக் கீறலும் மேல் ஸ்தாயியில் கிளை நாதங்களைக் கொடுக்கின்றன. காது அவற்றைப் பிடித்துக்கொண்டு இல்லாத அடிநாதத்தைத் தானே போட்டுக் கேட்டுக்கொள்ளும். இன்று கைபேசியில் கேட்டாலும் அந்த ரிஃப் தெளிவாக விழுவதற்கு இதுவே காரணம்.

பணக் கணக்கும் சேர்ந்துகொண்டது. வாரம் ஒரு அரைமணி நேரத் தொடருக்கு ஐம்பது பேர் ஆர்கெஸ்ட்ரா கட்டுப்படியாகாது. சின்னக் குழு, அதிலும் தாளைக் கொடுத்தால் முதல் பார்வையிலேயே வாசித்து, தேவைப்பட்டால் பன்னிரண்டு வட்டம் கற்பனையாகவும் வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்: பகலில் ஸ்டுடியோ, இரவில் கிளப். பித்தளைத் துப்பறிவாளன் பிறந்ததில் கலைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தச் சம்பளப் பட்டியலுக்கும் உண்டு.

டைட்டிலை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால் மன்சினியின் பாதிதான் கிடைக்கும். காட்சிகளின் அடியில் அவர் ஆல்டோ, பாஸ் புல்லாங்குழல்களை வைத்தார். பாஸ் புல்லாங்குழல் நம் புல்லாங்குழலைவிட வெகு கீழே பேசும், ஆனால் குரல் பலம் கிடையாது. மேடையில் நான்கு டிரம்பெட் எழுந்தால் அது காணாமல் போய்விடும். தனி மைக்கை உதட்டருகே கொடுத்து, அதன் ஒலியை மட்டும் ஏற்றினால்தான் அந்த இருட்டு வரும். மைக் இல்லாத காலத்தில் எழுதவே முடியாத வாத்தியச் சேர்க்கை இது. 1962-இல் வெளியிட்ட 'சவுண்ட்ஸ் அண்ட் ஸ்கோர்ஸ்' என்ற பாடப் புத்தகத்தில் இதையெல்லாம் உதாரணத்தோடு விளக்கியிருக்கிறார். 'பீட்டர் கன்' இசைத்தட்டுக்குத்தான் முதலாவது கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் பின்னணி இசை அப்படி வாங்கியது தொழிலில் இருந்த எல்லோருடைய காதிலும் விழுந்தது. அடுத்த ஆண்டே 'ஜானி ஸ்டக்காட்டோ' வந்தது. அதில் துப்பறிவாளனே ஜாஸ் பியானோக்காரன், இசை எல்மர் பெர்ன்ஸ்டீன். 'எம் ஸ்க்வாட்' தொடருக்கு கவுண்ட் பேஸி டைட்டில் இசை கொடுத்தார்.

மன்சினியின் இன்னொரு துப்பறியும் இசை எல்லோருக்கும் தெரியும், 'த பிங்க் பேந்தர்' (1963). டெனர் சாக்ஸபோன் பிளாஸ் ஜான்சன். இங்கே ரிஃப் கிடையாது, நடை உண்டு. ஒவ்வொரு சுரத்தையும் அரைச்சுரம் கீழே இருந்து தொட்டு ஏறுகிறது: காகலி நிஷாதத்திலிருந்து ஸட்ஜம், ரிஷபத்திலிருந்து சாதாரண காந்தாரம். பூனை காலை வைத்துப் பார்த்துவிட்டு அழுத்துவது போல. ஏறி முடித்ததும் நீண்டு நிற்கும் ஒரு சுரம் வரும். பஞ்சமத்தில் உட்காரும் என்று காது காத்திருக்கும், அது பிரதி மத்யமத்தில் உட்கார்ந்து நக்கலடிக்கும்.

நசுங்கிய சிகரெட் பெட்டி

லண்டனுக்குப் போவோம். 1962 ஜூன் 21, பேஸ்வாட்டரில் சிடிஎஸ் ஸ்டுடியோ. 'டாக்டர் நோ' படத்துக்கான டைட்டில் இசைப் பதிவு. மெட்டு மான்டி நார்மனுடையது. வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க நார்மன் எடுத்த முயற்சி பாதியில் நின்றது. டிரினிடாட் இந்தியக் குடும்பத்தின் கதை என்பதால் அதற்காக அவர் போட்ட பாட்டு ஒன்றில் சிதார் வாடை உண்டு. அந்தப் பாட்டின் சுரங்களைத் துண்டுதுண்டாக வெட்டிக் கிடாரில் அடித்தால் ஜேம்ஸ் பாண்ட் வந்துவிடுகிறார்: ஸ ரிரி ரி ரி ஸ ஸ ஸ, ஸ கக க க ரி ரி ரி. இசையை யார் செய்தது என்ற சண்டை பல ஆண்டு நீண்டு, 2001-இல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு பத்திரிகைமேல் நார்மன் தொடுத்த அவதூறு வழக்கில் அவருக்கு 30,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. சட்டப்படி மெட்டு நார்மனுடையது. ஆனால் நம் காதில் ஏறியிருக்கும் ஒலியை அமைத்தவர் ஜான் பேரி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான்.

கிடார் விக் ஃபிளிக். 1939-ஆம் ஆண்டு கிளிஃபர்ட் எசெக்ஸ் நிறுவனத்தின் பாரகான் மாடல், வயிறு குடைந்த ஜாஸ் கிடார். அதில் தனியாக மாட்டும் டி ஆர்மண்ட் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் கருவி). பிக்கப் கம்பிக்கு இன்னும் நெருங்க வேண்டும் என்று அதன் அடியில் சிகரெட் பெட்டி ஒன்றை நசுக்கிச் செருகிக்கொண்டார். கெட்டியான பிளெக்ட்ரம், தடித்த கீழ்க் கம்பி, தாளத்துக்கு மயிரிழை முன்னால் விழும் அடி. இதில் ஒன்றை விட்டாலும் அந்த முரட்டுத்தனம் வராது. இன்றைக்கு நகல் வாசிப்பவர்கள் மெல்லிய கம்பி போட்ட மின் கிடாரை எடுத்துக்கொண்டு, எக்கோவை ஏற்றி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். கம்பி தடிமன் இல்லாத இடத்தில் எக்கோ ஈரத்தைத்தான் கூட்டும்.

அடியில் ஓடும் நான்கு கார்டுகளை மறக்கக் கூடாது. ஈ மைனர் அசையாமல் நிற்க, உள்ளே ஒரே ஒரு குரல் மட்டும் நகர்கிறது: பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். கர்நாடகக் காதுக்கு இது கீரவாணியும் கௌரிமனோகரியும் வாசலில் நின்று மாறி மாறி எட்டிப் பார்ப்பது போல இருக்கும். ராகம் என்று சொல்ல வரவில்லை; இரண்டு தைவதத்துக்கும் நடுவில் முடிவெடுக்காமல் தவிப்பதுதான் உளவாளிக் கதையின் குணம் என்கிறேன். கடைசியாகக் கிடாரில் ஒரே ஒரு கார்டு விழுந்து தொங்கும்: ஸட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம், அதற்கு மேல் ரிஷபம். மைனரின் சோகக் காந்தாரமும் மேஜரின் கூர்மையான நிஷாதமும் ஒரே கூரைக்குள். துப்பறியும் இசைக்கு ஒரே ஒரு கார்டைத்தான் கொண்டுபோகலாம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பித்தளை பொங்கி எழுந்து ஊஞ்சலாடும் பகுதி பேரியின் கைவண்ணம். ஸ்டான் கென்டன் பேண்டுக்கு எழுதிய பில் ருஸ்ஸோவிடம் அவர் தபால் வழியில் பாடம் கற்றவர். கென்டனின் அந்த உச்ச ஸ்தாயி டிரம்பெட் கூச்சல்தான் லண்டன் வழியாகப் பாண்டிடம் வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டு கழித்து 'த இப்க்ரெஸ் ஃபைல்' (1965) படத்துக்கு அதே பேரி நேரெதிராகப் போனார். சமையல் செய்யும், மூக்குக் கண்ணாடி போட்ட, சம்பளத்துக்கு உளவு பார்க்கும் நாயகனுக்குப் பித்தளைக் கூச்சல் ஒட்டாது. ஹங்கேரிய சிம்பலம் வந்தது. நம் சந்தூருக்குப் பெரியப்பா முறை. கம்பியைக் கோலால் தட்டும் அந்தத் தனிமைக்குப் பக்கத்தில் பாண்ட் இசை கல்யாண பேண்டு போலத் தோன்றும்.

பாண்ட் அலை இந்தப் பக்கமும் அடித்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) இரண்டிலும் ஜெய்சங்கர், இரண்டிலும் இசை வேதா. வேதா என்றதும் இந்தி மெட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கிடாரையும் பாங்கோவையும் பாட்டை விட்டுவிட்டுத் தனியாகக் கேட்டால் இன்னும் ஒரு வரியாவது எழுதலாம்.

தகிட தகிட தக தக

1966-இல் வந்த 'மிஷன்: இம்பாசிபிள்' தொடருக்கு இசை லாலோ ஷிஃப்ரின். புவனோஸ் ஐரஸ்காரர், பாரிஸில் இசையமைப்பாளர் மெசியானிடம் படித்தவர், ஜாஸ் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி குழுவில் பியானோ வாசித்தவர். அவருடைய டைட்டில் இசை ஐந்து தட்டுத் தாளம் என்று எல்லோரும் எழுதுவார்கள். அது சரிதான், ஆனால் வாசிக்க உதவாது. ஐந்து தட்டைப் பத்து மாத்திரையாகப் பிரித்துக்கொண்டு 'தகிட தகிட தக தக' என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சொற்கட்டின் தலையிலும் ஒரு சுரம்: ஸ, ஸ, க, ம. அடுத்த வட்டம்: ஸ, ஸ, கீழ் நி, கீழ் நி, முதல் நிஷாதம் கைசிகி, இரண்டாவது காகலி. அவ்வளவுதான் அந்த ரிஃப்.

காலில் ஐந்து தட்டிக்கொண்டு வாயில் இதைச் சொன்னால் சிக்கல் எங்கே என்று புரியும். இரண்டாவது 'தகிட' எந்தத் தட்டிலும் விழாது, இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே விழும். மூன்றாவது, நான்காவது சொற்கட்டுகள் நேராகத் தட்டில் வந்து உட்காரும். ஒரு வட்டத்துக்குள் ஒருமுறை தடுமாற்றம், ஒருமுறை சமாளிப்பு. திரியில் நெருப்பு ஓடும் டைட்டிலுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடையாது. மேற்கத்திய முறையில் மட்டும் பழகியவர்கள், ஐந்து தட்டில் ஓடும் பிரபல ஜாஸ் இசையான 'டேக் ஃபைவ்' நினைவில் மூன்று தட்டு, இரண்டு தட்டு என்று பிரித்துவிடுவார்கள். அது வேறு பிரிவினை, ஓட்டம் படுத்துவிடும். கஞ்சிரா பழகிய கைக்கு இந்தக் குழப்பமே வராது.

மேலே புல்லாங்குழல் சொல்லும் வரியைக் கவனியுங்கள். மூன்று முறை 'க ஸ' என்று இறங்கி வந்து நீண்டு நிற்கிறது. முதல் முறை பஞ்சமத்தில், அடுத்து பிரதி மத்யமத்தில், அடுத்து சுத்த மத்யமத்தில். பாண்டில் உள்குரல் செய்த அதே அரைச்சுர நகர்வு, இங்கே வெளியே வந்து நிற்கிறது.

மோர்ஸ் தந்தியில் எம் என்றால் இரண்டு கோடு, ஐ என்றால் இரண்டு புள்ளி. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்ற கணக்கு அதிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. தந்தி முறைப்படி கோடு மூன்று அளவு, புள்ளி ஒரு அளவு; இங்கே புள்ளிக்கு இரண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அதற்குமேல் அதைச் சுமக்க வேண்டாம். 1996-இல் சினிமாவாக வந்தபோது யு2 ராக் குழுவின் ஆடம் கிளேட்டனும் லாரி மல்லனும் நடனத் தளத்துக்காக இதை நான்கு தட்டாக்கினார்கள். தடுமாற்றம் போயிற்று. நன்றாக விற்றது.

ஷிஃப்ரினின் சிறந்த முடிவு என்று நான் எண்ணுவது ஓர் இசை அல்ல. 'புல்லிட்' (1968) படத்தில் சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் பத்து நிமிடம் கார் துரத்தல். இரண்டு காரும் ஒன்றையொன்று மோப்பம் பிடிக்கும் வரை பாஸும் டிரம்ஸும் பதுங்கிப் பதுங்கி ஏற்றுகின்றன. கார் சீறிக் கிளம்பியதும் இசை நின்றுவிடுகிறது. பிறகு இன்ஜினும் டயரும் மட்டும்தான். ரீரெக்கார்டிங்கில் உட்கார்ந்து 'இங்கே ஒன்றும் வேண்டாம்' என்று சொல்ல ஒரு திமிர் வேண்டும்.

பிரேம் கணக்கு

ஜாஸ் என்றால் சுதந்திரம், படம் என்றால் பிரேம் கணக்கு. இரண்டும் எப்படிச் சேர்ந்தன? ஒரு வழி பாரிஸில் நடந்தது. 1957 டிசம்பர் 4 இரவு, லூயி மாலின் முதல் கதைப் படத்துக்கு, 'தூக்குமேடைக்கு லிஃப்ட்' என்று பொருள்படும் தலைப்பு கொண்ட குற்றக் கதைக்கு, ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் ஒரே இரவில் வாசித்துக் கொடுத்தார். கூட பார்னி விலென், ரெனே உர்த்ரெஜே, பியர் மிஷ்லோ, கென்னி கிளார்க். காட்சிகளைத் திரையில் சுழலவிட்டு, பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். எழுதிய தாள் கிடையாது, ஒரு சில கார்டுகளின் குறிப்பு மட்டும். ழான் மோரோ இரவில் ஷான்ஸெலிசே கடை விளக்குகளின் வெளிச்சத்தில் காதலனைத் தேடி நடக்கும் காட்சியில் டிரம்பெட் எந்த அடியையும் பிடிக்க முயலவில்லை, அவள் காலடியோடும் சேரவில்லை. பக்கத்தில் நடக்கிறது. எதிரொலி போடாத மூலப் பதிவுகளும் பிற்பாடு வெளியாயின. அவற்றைக் கேட்டால் அந்த ஈரத்தில் பாதி கலவை மேஜையில் சேர்த்தது என்று தெரிகிறது. வறண்டதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹாலிவுட் தொலைக்காட்சிக்கு அந்த ஆடம்பரம் கிடையாது. அங்கே கிளிக் டிராக், அதாவது வாசிப்பவர் காதில் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஒலி. நொடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 1,440. பன்னிரண்டு பிரேமுக்கு ஒரு கிளிக் என்றால் 1,440-ஐ 12-ஆல் வகுத்து நிமிடத்துக்கு 120 தட்டு. பிலிமில் துளையிட்டு வளையமாக ஒட்டி ஓடவிட்டால் ஹெட்போனில் 'டிக் டிக்' என்று கேட்கும். 35 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமுக்கு நான்கு பல்துளை இருப்பதால் பிரேமை எட்டாகப் பிரித்துக் கிளிக்கை நுணுக்கலாம்: 12-க்கும் 13-க்கும் நடுவில் எட்டில் ஒன்று, எட்டில் இரண்டு என்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காட்சி தொடங்கி 18.5 நொடியில் கதவு திறக்கிறது, அங்கே பித்தளை வெடிக்க வேண்டும். 120 தட்டில் ஒரு தட்டு அரை நொடி, ஆக 37 தட்டு கழிந்து 38-ஆவது தட்டில் கதவு. நான்கு தட்டுத் தாளத்தில் அது பத்தாவது வட்டத்தின் இரண்டாம் தட்டு. வெடிப்பு அங்கே விழுந்தால் நொண்டும். முதல் தட்டில் விழ வேண்டுமென்றால் 36 தட்டுக்குள் 444 பிரேம் முடிய வேண்டும், அதாவது தட்டுக்கு 12.33 பிரேம். கிடைக்கும் கிளிக்குகளில் நெருங்கியது பன்னிரண்டே மூன்றெட்டு, 12.375. கூட்டினால் 445.5 பிரேம். ஒன்றரை பிரேம் தாமதம், யாருக்கும் தெரியாது. பன்னிரண்டேகால் எடுத்தால் 441, மூன்று பிரேம் முந்திவிடும், அது தெரியும். கண் பார்த்த பிறகு காது கேட்பது இயற்கை, முந்துவது உறுத்தும். ஐந்து தட்டு வட்டம் ஒன்றை நடுவில் செருகுவது இன்னொரு வழி. ஆனால் அடியில் எட்டுச் சுர ரிஃப் ஓடிக்கொண்டிருந்தால் அது உடைந்து பல்லிளிக்கும்.

கிளிக்கோடு ஜாஸ் வாசிக்கும்போது வரும் நோய் விறைப்பு. மருந்து: டிரம்ஸுக்கும் பாஸுக்கும் மட்டும் ஹெட்போன், தனி ஆவர்த்தனம் வாசிப்பவரின் காதுக்குக் கிளிக்கே வேண்டாம். அவர் பாஸைக் கேட்டு வாசிக்கட்டும்.

இந்த பாணியில் ஒரு நிமிடத் துண்டு எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் 112-க்கும் 124-க்கும் நடுவில் ஒரு காலத்தைப் பிடித்து, நான்கைந்து சுரத்துக்குள் ரிஃப்பை முடியுங்கள். கிடாருக்குத் தடித்த கம்பி. பியானோ இடது கை ஒரு ஸ்தாயி கீழே அதையே வாசிக்கட்டும். வைப்ரஃபோன் இருந்தால் அதன் மோட்டாரை அணைத்துவிடுங்கள்; சுழலும்போது வரும் அதிர்வு இனிப்பு, நமக்கு வேண்டியது குளிர். டிரம்பெட்டின் வாயில் ஹார்மன் மியூட் என்ற ஒலியடக்கியைச் செருகி, அதன் நடுக்குழாயைக் கழற்றிவிட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தள்ளி வைத்தால் கொசு ரீங்காரம்தான் பதிவாகும். முடிவுக் கார்டில் காகலி நிஷாதத்தை ஸட்ஜத்தின் தோளோடு இடிக்க விடாதீர்கள். ஸட்ஜமும் பஞ்சமமும் டிராம்போனில் கீழே, காந்தாரமும் நிஷாதமும் ரிஷபமும் டிரம்பெட்டில் மேலே. கணினி சாம்பிள்களை வைத்துச் செய்தால் பித்தளை சரிந்து விழும் ஒலி ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்தில் விழும். கையால் வெட்டிக் குட்டை நெட்டையாக்குங்கள். எதிரொலி ஒன்றரை நொடியைத் தாண்ட வேண்டாம்.

அந்த சாக்ஸபோன் நினைவு எங்கிருந்துதான் வந்தது? எழுபதுகளில் 1940-களைத் திரும்பிப் பார்த்து எடுத்த படங்களும், அவற்றின் சாயலில் வந்த படங்களும் கொடுத்தது. பெர்னார்ட் ஹெர்மன் 'டாக்ஸி டிரைவர்' (1976) பதிவை முடித்த அன்றிரவே இறந்துபோனார். நகரத்து இரவு என்றால் சாக்ஸபோன் என்று நிலைத்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு. 1981-இல் ஜான் பேரியின் 'பாடி ஹீட்', அடுத்த ஆண்டு வாங்கெலிஸின் 'பிளேட் ரன்னர்' இரண்டும் அதை உறுதி செய்தன.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வந்த 'சைனாடவுன்' (1974), பழைய லாஸ் ஏஞ்சல்ஸ் துப்பறிவாளன் கதை. முதலில் செய்த இசை பிடிக்காமல் தள்ளிவிட்டு, ஜெரி கோல்ட்ஸ்மித்தைக் கூப்பிட்டு, பத்து நாள் கொடுத்தார்கள். அவர் கேட்ட வாத்தியங்கள்: நான்கு பியானோ, நான்கு ஹார்ப், இரண்டு தாள வாத்தியக்காரர், வயலின் குடும்பம், யுவான் ரேஸியின் ஒற்றை டிரம்பெட். பட்டியல் அதோடு முடிந்தது.